மலைமேல் ஒரு தொட்டிக் கடல்

(வால்பாறையில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடல் கண்ணுக்கே எட்டாத ஊரில் வீட்டுக்குள் ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க முடியுமா என்று இங்கே பலர் கேட்டிருந்தீர்கள். இந்த ஆசைக்கு வயது ஏறக்குறைய 180 ஆண்டு. 1846-இல் லண்டனில் ஆனா தின் என்ற அம்மையார், தென்மேற்கு இங்கிலாந்தின் தோர்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவள உயிரிகளை ஒரு ஜாடியில் வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடல்நீரை அடிக்கடி வரவழைப்பது கட்டுபடியாகவில்லை. அதனால் இருக்கிற நீரையே உயிரோடு வைத்திருக்க ஒரு வழி கண்டார். வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றுவார். தினமும் இதே வேலை. பிறகு கடற்பாசியையும் சேர்த்துப் பார்த்தார். அந்தப் பவள உயிரிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. இன்று நாம் மோட்டார் வைத்துச் செய்வதை அன்று ஒரு பெண்ணின் இரண்டு கைகள் செய்தன. அந்தப் பணிப்பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்காமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

சில ஆண்டுகளில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆய்வாளர் வந்தார். 1854-இல் கடல்நீர்த் தொட்டி பற்றி அவர் எழுதிய புத்தகம் இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்கெல்லாம் இந்த ஆசையைக் கொண்டு சேர்த்தது. அதே ஆண்டில், கடலுக்குத் தொலைவில் இருப்பவர்களுக்காகச் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறையும் வெளியிட்டார். சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கு உப்புகள். இவற்றில் எப்சம் உப்பும் பொட்டாஷும் உங்கள் எஸ்டேட் உரக் கிடங்கிலேயே இருக்கின்றன. ஆனால் உரத்துக்கு வருகிற சரக்கில் வேறு உலோகங்களும் கலந்திருக்கும். அது தேயிலைக்குத்தான் ஆகும், தொட்டிக்கு ஆகாது. சொல்ல வந்தது இதுதான்: கடலை உப்பாகக் கட்டி மலையேற்றலாம் என்ற யோசனை காஸ் காலத்திலேயே பிறந்துவிட்டது.

காஸ் கதைக்கு ஒரு கசப்பான பின்பாதி இருக்கிறது. அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் தந்தையைப் பற்றி எழுதிய நூலில், டெவன் கடற்கரைப் பாறைக்குழிகள் எப்படி வெறுமையாகிப் போயின என்று வேதனையோடு பதிவு செய்கிறார். தந்தையின் புத்தகங்களைப் படித்து ஆசைப்பட்டவர்கள் கூடையும் ஜாடியும் எடுத்துக்கொண்டு கிளம்பி, காலங்காலமாக அங்கே இருந்த உயிர்களை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். கடலை நேசிக்கச் சொல்லித்தந்த புத்தகமே கடற்கரையைக் காலி செய்ய வைத்தது. இன்று நான் பேசுவதில் பாதி, தொட்டியை எப்படி வைப்பது என்பது. மறுபாதி, அந்த டெவன் கதை மன்னார் வளைகுடாவில் நடக்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியம்.

நம் மாநிலத்திலும் இதற்குப் பழைய வரலாறு உண்டு. சென்னை மெரினாவில் 1909-இல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். நாட்டிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முன்கை எடுத்த காரியம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. கடல் வாசலிலேயே இருந்ததால் அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நமக்கோ எல்லாமே நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும்.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். கடல்நீர்த் தொட்டி வைப்பவர் முதலில் வளர்ப்பது தண்ணீரைத்தான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அப்படியானால் கல்லுப்பைக் கரைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் தூத்துக்குடி உப்பளத்தில் இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும். அடுத்து ஜிப்சம். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடுகிற உப்பு. அதை வாரி எடுத்தபின் மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் தங்கிவிடும். அதை வெளியே விட்டுவிடுவார்கள். நல்ல உப்பு எடுப்பதற்கு அதுதான் சரியான முறை. ஆனால் நம் கைக்கு வரும் கல்லுப்பில் கடலின் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் மெக்னீசியம் 1.3 கிராம் அளவிலும், கால்சியம் 0.4 கிராம் அளவிலும் இருக்க வேண்டும். அளவு சிறிதுதான். அது இல்லாவிட்டால் நத்தைக்கு ஓடு வளராது, இறால் சட்டை உரித்தபின் புதுச் சட்டை கெட்டிப்படாது, நீரின் காரத்தன்மையும் நிலைக்காது. ஆகவே இதற்கென்றே கலந்து விற்கிற கடல் உப்புதான் வாங்க வேண்டும். விலை கூடுதல். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

லாரியில் கேன் கட்டி நேராகக் கடல்நீரையே கொண்டுவந்தால் என்ன? நமக்கு நேர்க்கோட்டில் கிட்டத்தில் இருப்பது மேற்கே கேரளக் கடற்கரை, நூறு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் மலக்கப்பாறை வழியாகக் காட்டையும் வளைவுகளையும் கடந்து போய், மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்து கலங்கிக் கிடக்கும் கரையோர நீரை மொண்டு வருவதில் லாபமில்லை. உப்பாக வாங்குங்கள், கரைக்கிற தண்ணீர் இங்கேயே இருக்கிறது.

அந்தத் தண்ணீர் விஷயத்தில் வால்பாறைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கீழே சமவெளியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்புகள் ஏராளம்; ஆர்.ஓ. இயந்திரம் திணறிப்போகும். இங்கே கருங்கல்மேல் ஓடிவரும் மழைநீர், மென்மையான நீர். டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் சிறிய எண்தான் காட்டும். ஆனால் அந்தச் சிறிய எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மீட்டர் சொல்லும். எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

தேயிலைக்கு மழைக்காலத்தில் கொப்புள நோய் வரும் என்பது இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும். நீராறு அணைப் பக்கம் இருக்கிற உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டால் அதன் முழு வரலாற்றையும் சொல்வார்கள். அந்த நோய்க்குத் தென்னிந்தியத் தோட்டங்களில் நெடுங்காலமாகத் தெளிக்கும் மருந்துகளில் ஒன்று காப்பர் ஆக்சிகுளோரைடு. அதாவது தாமிரம். மீன் ஓரளவு தாமிரத்தைத் தாங்கும். இறாலும் நத்தையும் கடல் முள்ளெலியும் தாங்காது. துளி அளவே அவற்றைக் கொன்றுவிடும். தோட்டத்து ஓடைநீரில் அது எப்போது, எவ்வளவு வரும் என்று நாம் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கூரைநீரைப் பிடிக்கலாமே என்பார்கள். நம் பக்கத்துக் கூரைகளில் பல துத்தநாகம் பூசிய தகரம். மழை அந்தத் துத்தநாகத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு இறங்கும். அதுவும் இதே வகை விஷம்தான். எனவே எந்தத் தண்ணீரானாலும் ஆர்.ஓ. வழியாக விட்டு, அதன் பின்னால் அயனிகளைப் பிடிக்கும் பிசின் குழாய் ஒன்றையும் வைத்து, மீட்டர் சுழியம் காட்டுகிற நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். இங்கே நீர் மென்மையாக இருப்பதால் அந்தச் சாதனங்கள் சமவெளியைவிட நெடுநாள் உழைக்கும். கரைத்த நீரை ஒருநாள் மோட்டார் ஓட்டிக் கலக்கவிட்டு, 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இனித் தொட்டி. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர். கீழே வடிகட்டும் சம்ப் தொட்டியும் சேர்த்து, ஓடுகிற நீர் 740 லிட்டர் என்று கொண்டால், முதல் நாள் கரைக்கும் உப்பு மட்டும் இருபத்தாறு கிலோ. நீர், கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை ஒட்டி வரும். பழைய பங்களாக்களின் மரத்தளத்தில் இதை வைக்கவே கூடாது. தரைத்தளம், கான்கிரீட், சுவரோரம். இரும்புத் தாங்கி உப்புக் காற்றில் அரித்துவிடும். செங்கல் தூண் கட்டி, மேலே கனமான கிரானைட் பலகை, அதன்மேல் தெர்மோகோல், அதன்மேல் தொட்டி என்று வைப்பது உறுதி. கண்ணாடி 15 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஒட்டி முடித்த தொட்டியை அத்தனை வளைவுகளில் குலுக்கி ஏற்றுவதைவிட, கண்ணாடிகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து இங்கேயே ஆளை வைத்து ஒட்டுவது நல்லது.

பெரிய தொட்டி எதற்கு, சிறியதில் பழகிக்கொள்ளலாமே என்பார்கள். கடல்நீரில் கணக்கு தலைகீழ். சிறிய தொட்டியில் ஒரு மீன் செத்துக் கண்ணில் படாமல் போனால், ஒரே இரவில் எல்லாம் கெட்டுவிடும். பெரிய தொட்டியில் கெடுவதற்கும் நேரமாகும், நாம் கவனித்துச் சரிசெய்வதற்கும் நேரம் கிடைக்கும்.

தண்ணீர் ரெடி, தொட்டி ரெடி. மீன் எப்போது விடலாம்? பெரும்பாலான தொட்டிகள் பாழாவது இந்த இடத்தில்தான்.

மீன் சாப்பிடுகிறது, கழிவு விடுகிறது, செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கடலில் அது கோடானுகோடி லிட்டரில் கரைந்து போய்விடும். தொட்டியில் போக இடமில்லை. கடல்நீர் காரத்தன்மை உடையதாகையால், இங்கே அம்மோனியா நன்னீரில் இருப்பதைவிடக் கொடிய வடிவத்தில் நிற்கும். இதைத் தின்னும் நுண்ணுயிர்கள் இயற்கையில் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை அவ்வளவாகக் கேடில்லாத நைட்ரேட்டாக மாற்றும். உங்கள் தேயிலை மண்ணில் உரத்தை மாற்றிக்கொடுக்கும் வேலையைச் செய்வதும் இவற்றின் உறவினர்கள்தான். அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த வினோகிராட்ஸ்கி என்ற அறிஞர் 1890 வாக்கில் இவற்றைப் பிரித்தறிந்து காட்டினார். இந்த உயிர்கள் சோம்பேறிகள் என்று சொன்னால் அது பழி. மற்ற பாக்டீரியாக்கள் அரைமணியில் இரட்டிப்பாகும்போது இவை பல மணி நேரம், சில சமயம் ஒருநாள்கூட எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். கல்லின் துளைகளிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் நீளும். அதனால் முதல் நாளிலிருந்தே ஹீட்டரைப் போட்டு 26 டிகிரியில் வைத்துவிடுங்கள்.

அந்த ஆறு வாரமும் தொட்டியில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடுங்கள். அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கும். பரிசோதனைக் குப்பியில் தினமும் நிறம் பார்த்துக் குறித்து வையுங்கள். பிள்ளைகள் இதை மிக நன்றாகச் செய்வார்கள். வெறும் நீரைப் பார்த்துக்கொண்டு ஆறு வாரம் இருப்பது வீட்டிலுள்ளவர்களுக்குப் பொறுக்காது. ஒரேயொரு மீன் விட்டால் என்ன என்பார்கள். விடாதீர்கள். அந்த மீனின் செவுள் வெந்துபோகும்.

நீரிலுள்ள கொழுப்பும் புரதமும் அழுகும் முன்பே அள்ளி எடுக்க புரோட்டின் ஸ்கிம்மர் என்றொரு கருவி உண்டு. நுண்ணிய காற்றுக்குமிழிகளை நீருக்குள் அனுப்பும். அழுக்கு குமிழியின் தோலில் ஒட்டி நுரையாக மேலே ஏறும். நுரை ஒரு கிண்ணத்தில் வழியும். காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்கரையில் நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். உப்பைப் போலவே இதையும் நல்ல பொருளாக வாங்குங்கள்.

வால்பாறைக்கே உரிய சில காரியங்கள் இருக்கின்றன. கடலோரத்து ஆள் எழுதிய புத்தகத்தில் இவை இராது.

முதலாவது காற்று. நாம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். மலையேறும்போது பேருந்தில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். கடற்கரையில் ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய மீன் பை இங்கே வந்து சேர்வதற்குள் ஏழில் ஒரு பங்கு உப்பும். முழுக்க ஊதிக் கட்டியிருந்தால் வழியிலேயே வெடித்துவிடும். கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். தெர்மோகோல் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள், ஆழியாறு தாண்டினால் குளிர் தொடங்கிவிடும். பை மட்டுமல்ல, நீரும் இதே விதிக்கு உட்பட்டது. காற்றழுத்தம் குறைந்தால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். கடற்கரையில் 26 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் பிடிக்கும். இங்கே அதில் எட்டில் ஒரு பங்கு குறையும். மீனுக்கு இது போதாதா என்றால், போதும். ஆனால் கடலோரத்தில் இதே தொட்டியில் பத்து மீன் விடுகிறவர் இங்கே எட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீர்ப்பரப்பும் எப்போதும் அலைந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது குளிர். கோயம்புத்தூரில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர் சித்திரை வைகாசியில் நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பணம் கட்டுகிறார். நமக்குச் சில்லர் தேவைப்படாது; ஹீட்டர் வேண்டும். 300 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒரே பெரிய ஹீட்டர் போட்டு அது பழுதானால் நீர் ஆறிவிடும், அல்லது அணையாமல் எரிந்து மீனை அவித்துவிடும். இரண்டாக இருந்தால் அந்த ஆபத்து பாதியாகும். அறை 18 டிகிரியில் இருந்தால், நான் போட்ட கணக்குப்படி ஹீட்டருக்கே நாளொன்றுக்கு ஐந்தாறு யூனிட் ஆகலாம். தொட்டியின் பின்புறமும் பக்கவாட்டிலும் தெர்மோகோல் ஒட்டினால் இதில் நல்ல பங்கு மிச்சமாகும்.

மூன்றாவது மின்சாரம். ஆனி, ஆடி மழையில் மரம் கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல யாராலும் ஆகாது. அப்போது குளிரைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். 680 லிட்டர் நீர் மணிக்கு அரை டிகிரிகூட இறங்காது; ஆறுமணி நேரம் போனாலும் மீன் தாங்கும். தாங்காதது மூச்சு. நீர் அசையாமல் நின்றால், மீன்கள் அதிகமுள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கல்லுக்குள் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கும் அதே ஆக்சிஜன்தான் உயிர். ஆகவே இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்டி பேட்டரியை ஒரே மணியில் தீர்த்துவிடாதீர்கள். ஒரு சிறிய சுழற்சி மோட்டாரையும் காற்று மோட்டாரையும் மட்டும் மாட்டுங்கள். இரவு முழுக்க ஓடும். அதுவும் இல்லாவிட்டால் ஆனா தின் வீட்டுப் பணிப்பெண் செய்தது கையில் இருக்கிறது: செம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை. மூடுபனிக் காலத்தில் ஏற்கெனவே ஈரம் ஊறிய சுவரில் இந்த ஆவியும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். அறைக்குக் காற்றோட்டம் வையுங்கள்.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. சென்னைக் கொளத்தூரில் தெருத்தெருவாக அந்தத் தொழில் நடக்கிறது. கடல் வண்ணமீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடித்தவை. பவளப்பாறைகளுக்கிடையில் ஒளியும் மீனைப் பிடிக்க, பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்து சயனைடைப் பீய்ச்சி மயக்கினார்கள். மயங்கிய மீன் கடைக்குப் போனது. சுற்றியிருந்த பவள உயிரிகள் செத்தன. பிடிபட்ட மீனும் சில வாரங்களில் ஈரல் கெட்டுச் செத்தது. 2003-இல் நீமோ படம் வந்தபோது உலகமெங்கும் பிள்ளைகள் கோமாளி மீன் கேட்டார்கள் என்பார்கள். கடலை நேசித்த அந்தப் பிள்ளைகள்மேல் குற்றமில்லை. காஸ் புத்தகத்தின் கதைதான் நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இது ஏதோ தூரதேசத்து விவகாரம் என்று எண்ண வேண்டாம். நம் சோலையாறு மேற்கே இறங்கிச் சாலக்குடி ஆற்றில் சேர்கிறது. அந்த ஆற்றில், உடம்பின் நீளவாக்கில் சிவப்பும் கறுப்புமாகக் கோடிட்ட அழகான ஒரு மீன் வாழ்கிறது. 1999-இல் அதைத் தனி இனம் என்று கண்டு சாலக்குடியின் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார்கள். அதுவும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு இனமும் மிஸ் கேரளா என்ற பெயரில் வெளிநாட்டுத் தொட்டிகளுக்கு மூட்டை மூட்டையாகப் போயின. எண்ணிக்கை சரிந்தது. 2008-இல் கேரள அரசு பிடிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரண்டும் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. நம் ஆற்று மீன் எங்கோ ஒரு வரவேற்பறைக்குப் போனதில் நமக்கு எவ்வளவு நோகிறதோ, அவ்வளவு நோவு இராமேசுவரத்துக்காரருக்கும் அவருடைய கடல் மீனைப் பற்றி இருக்கும்.

மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளக்கல்லைச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. எஞ்சிய பவளம் 1998-இலும், 2010-இலும், 2016-இலும் கடல் சூடேறியதால் வெளுத்தது. இந்த நிலையில் அங்கிருந்து ஒரு கையளவு கல்லைக்கூட நம் வீட்டு அழகுக்காக எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சட்டமும் அதையே சொல்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001-இல் பவள உயிரிகள், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் சேர்க்கப்பட்டன. யானைக்கும் புலிக்கும் உள்ள பாதுகாப்பு. யானை நடமாடும் ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு அதன் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கடையில் யாராவது உயிருள்ள பவளம் என்றோ, கடலில் எடுத்த கல் என்றோ காட்டினால் வாங்காதீர்கள். சுடுமண்ணிலும் சிமென்டிலும் துளைகள் விட்டுச் செய்த கற்கள் கிடைக்கின்றன. நுண்ணுயிருக்குத் துளைதான் வேண்டும். எந்தக் கல் என்று அது கேட்பதில்லை.

அப்படியானால் எந்த மீனை வளர்ப்பது? இதற்கு மகிழ்ச்சியான பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையைத் தேர்ந்து, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அந்த வேலையின் அருமை தெரிய வேண்டுமானால் மீனின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் இறந்தால், அடுத்த பெரிய ஆண் பெண்ணாகும். கல்லின்மேல் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டபின் காவல் காப்பது தகப்பன்: வாயால் ஊதி, துடுப்பால் விசிறி, கெட்ட முட்டையைப் பொறுக்கியெடுத்து ஒரு வாரம் நிற்கும். ஏழு எட்டு நாளில், சூரியன் மறைந்தபின் இருட்டில் குஞ்சுகள் பொரிக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. அவற்றுக்குத் தூள் தீவனம் ஆகாது. ரொட்டிஃபர் என்ற நுண்ணுயிரியை உயிரோடு கொடுக்க வேண்டும். ரொட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. ஆக, மீன் வளர்ப்பதற்கு முன் மீனின் இரையை வளர்க்க வேண்டும். அதற்கும் முன் இரையின் இரையை வளர்க்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் வெள்ளைப் பட்டை விழும், குஞ்சு கல்லருகே இறங்கிக் குடியிருக்கும். இப்படிப் பிறந்த மீன் பிடிபட்ட அதிர்ச்சியை அறியாது. தீவனத்தை முதல் நாளே எடுக்கும். நெடுநாள் வாழும். கடலில் அதற்கு வீடாக இருக்கும் கடல் சாமந்தி தொட்டியில் அதற்குத் தேவையில்லை. ஒரு மண்சட்டித் துண்டே போதும்.

உங்கள் ஆறடித் தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி, பண்ணையில் பிறந்த சில டாம்சல் மீன்கள் என்று தொடங்குங்கள். ஆறுமாதத்துக்கு அவ்வளவுதான். புது மீன் எதுவானாலும் தனித்தொட்டியில் சில வாரம் வைத்து, வெண்புள்ளி நோய் இல்லை என்று தெரிந்தபின் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? அவருக்குத் தெரியவில்லை என்றால் வாங்காமல் வாருங்கள். நாலு பேர் அப்படித் திரும்பினால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் அவர் விசாரித்து வைத்திருப்பார்.

காலக்கணக்கும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்ததும் தொட்டி கட்டி நீர் நிரப்புங்கள். மாசி முழுக்க நீர் பக்குவப்படட்டும். பங்குனியில் முதல் ஜோடி. வைகாசிக்குள் தொட்டி உங்கள் கைக்குப் பழகிவிடும்; அதன் பிறகு தென்மேற்குப் பருவமழை வந்தால் சமாளிக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் புதிதாகத் தொடங்காதீர்கள்.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு காரியம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவீர்கள். எழுபது லிட்டருக்கு மேல் உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருப்பது இரண்டரைக் கிலோ உப்பு. வாசலில் கொட்டினால் அந்த மண்ணில் புல் முளைக்காது. தேயிலை வேரில் பட்டால் செடி கருகும். ஓடையில் ஊற்றினால் சோலையாற்று மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் நாம் செய்கிற கேடு அது. ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, நாளுக்குச் சில லிட்டராகக் குளியலறைத் தண்ணீரோடு கழிவுநீர்த் தொட்டிக்கு விடுங்கள். தொட்டியில் உள்ள நத்தையையோ பாசியையோ மீனையோ எந்த ஓடையிலும் எக்காரணத்துக்கும் விடாதீர்கள். வளர்க்க முடியாமல் போனால் இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள்.

பரிசோதனைக் குப்பிகளையும் உப்பளக்கும் கருவியையும் மேசையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் முதலில் வந்து பாருங்கள். பெரியவர்கள் கேள்விகளைக் கேட்கலாம்.